டாக்டர் பென்ஃபீல்டின் நிலப்படம்

மாண்ட்ரியால் நகரில் மலைச்சரிவை ஒட்டி ஏறி இறங்கும் ஒரு தெருவுக்கு டாக்டர் பென்ஃபீல்ட் அவென்யூ என்று பெயர். அலுவலக வேலையாக டொராண்டோவிலிருந்து போய் அங்கே பத்து நாள் தங்கியிருந்தபோது தினமும் அந்தத் தெருவில்தான் நடந்து போக வேண்டியிருந்தது. ஜனவரிக் குளிர். நான்காம் நாள், யாரப்பா இந்த பென்ஃபீல்ட் என்று உடன் வேலை செய்யும் கனடாக்காரர் ஒருவரிடம் கேட்டேன். கருகிய ரொட்டி டாக்டர் என்று சொல்லிச் சிரித்தார். 1991-ல் கனடியத் தொலைக்காட்சியில் ஒரு நிமிடக் குறும்படம் ஒன்று வந்ததாம். அதில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வருவதற்கு முன் ரொட்டி கருகும் வாசனை வரும். பென்ஃபீல்ட் அவள் மூளையில் மின்முனையை வைத்துத் தேடித்தேடி அந்த வாசனையின் இடத்தைக் கண்டுபிடிப்பார். ஒரு தலைமுறைக் கனடியர்களுக்கு மூளை அறுவை என்றால் நினைவுக்கு வருவது இதுதான்.

வலிப்பு என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

ஏழாம் வகுப்பில் என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு வலிப்பு வரும். காக்காய் வலிப்பு என்பார்கள் எங்கள் ஊரில். வந்தவுடன் யாராவது ஆபீஸ் ரூமுக்கு ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை வாங்கிவந்து அவன் கையில் திணிப்பார்கள். சாவி கிடைக்காத ஒருநாள் சைக்கிள் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். இரும்பு பட்டால் நின்றுவிடும் என்பது நம்பிக்கை. இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும் என்பதால் நம்பிக்கைக்கு எந்தச் சேதமும் வரவில்லை. பக்கத்திலேயே இருந்ததால் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அது அவனுடைய இடது கட்டைவிரலில்தான் தொடங்கும். நோட்டின் மேல் வைத்திருந்த விரல் வெடுக் வெடுக்கென்று இழுக்கும். பிறகு மணிக்கட்டு, முழங்கை. பிறகு வாயின் இடது ஓரம் கோணும். அதற்கப்புறம்தான் விழுவான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், போர்டு சரியாகத் தெரியவில்லை என்று வகுப்பாசிரியரிடம் பொய் சொல்லி வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன்.

அந்த வரிசை, கட்டைவிரல், மணிக்கட்டு, முழங்கை, வாய், மூளையின் மேற்பரப்பில் எழுதியிருக்கிற வரிசை. மாண்ட்ரியாலில் அந்த வாரம் விடுதி அறையில் படித்துத்தான் எனக்கு இது தெரியவந்தது. லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் 1860-களிலும் 70-களிலும் இத்தகைய வலிப்புகள் உடலில் நகர்ந்து செல்லும் விதத்தைப் பார்த்தே, மூளைக்குள் உடலுறுப்புகளுக்கு அடுத்தடுத்து இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஊகித்திருந்தார். ஒரு கருவியும் இல்லாமல் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து ஊகித்தது அது. 1870-ல் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நாயின் மூளையில் மின்சாரம் செலுத்திக் கால்களை அசைய வைத்தார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1909-ல் விழித்திருந்த இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து எழுதினார். ஆக, பென்ஃபீல்ட் முதல் ஆள் அல்ல. ஆனால் இடம் இடமாகத் தொட்டு, எண் போட்டு, நூற்றுக்கணக்கான மனிதர்களிடமிருந்து சேர்த்து ஒரு நிலப்படம் வரைந்தவர் அவர்தான்.

வில்டர் பென்ஃபீல்ட் 1891 ஜனவரி 26-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவர்; தொழில் நொடித்துப்போனது. வில்டருக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா குழந்தைகளை அழைத்துக்கொண்டு விஸ்கான்சினில் உள்ள ஹட்சன் என்ற சிற்றூருக்கு, தன் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ரோட்ஸ் உதவித்தொகை என்ற ஒன்று தொடங்கப்பட்டிருப்பதை எங்கோ படித்த அந்த அம்மா, படிப்பிலும் விளையாட்டிலும் சிறந்த பையன்களுக்குத் தருகிறார்களாம் என்று பதின்மூன்று வயது மகனிடம் சொல்லிவைத்தார். நம் ஊரில் ஐ.ஐ.டி. என்று சொல்லி வளர்க்கிற அம்மாக்களை நினைத்துக்கொண்டேன். பையன் பிரின்ஸ்டனில் கால்பந்து ஆடினான், படித்தான், உதவித்தொகையும் வாங்கினான். 1915-ல் ஆக்ஸ்ஃபோர்டு.

அங்கே சார்லஸ் ஷெரிங்டன் நரம்புகளின் அனிச்சைச் செயல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பூனையின் முதுகுத்தண்டில் அவர் கண்டதை மனிதனின் மூளையில் காண வேண்டும் என்ற ஆசை பென்ஃபீல்டுக்கு அப்போதே வந்துவிட்டது. 1916 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கையில் அவர் சென்ற ஸஸெக்ஸ் என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. அவர் நின்றிருந்த முன்பகுதி சிதறியது. உடைந்த காலோடு பிழைத்து வந்தவரைத் தன் வீட்டிலேயே வைத்துத் தேற்றியவர் மருத்துவ உலகின் பெரியவரான வில்லியம் ஆஸ்லர். தான் உயிரோடு மிச்சம் வைக்கப்பட்டது ஏதோ ஒரு காரியத்துக்காக என்று பென்ஃபீல்ட் பிறகு நம்பினார். அது அவருடைய நம்பிக்கை. அதே கப்பலில் இறந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் என்ன இடம் என்று எனக்குத் தோன்றாமலில்லை.

அதற்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1917-ல் ஹெலன் கெர்மாட்டுடன் திருமணம், 1918-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம், பாஸ்டனில் குஷிங்கிடம் பயிற்சி, நியூயார்க்கில் வேலை, 1924-ல் மாட்ரிட் போய் ரியோ ஒர்டேகாவிடம் வெள்ளி உப்பால் மூளைத் திசுவுக்குச் சாயமேற்றும் கலை. 1928-ல் ஆறு மாதம் பிரெஸ்லாவில், இன்று போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் நகரில், ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டரிடம் இருந்தார். லெனினின் கடைசி நோயில் உடனிருந்து பார்த்த மருத்துவர் ஃபோர்ஸ்டர். முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்டுப் பிழைத்தவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பு வரத் தொடங்கியது. மூளையில் ஆறிய தழும்பு சுற்றியுள்ள திசுவைத் தொந்தரவு செய்வதுதான் காரணம் என்று கண்டு, நோயாளி விழித்திருக்கும்போதே தழும்பை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார் ஃபோர்ஸ்டர். பென்ஃபீல்ட் தேடி அலைந்தது அங்கே கிடைத்தது. அதே ஆண்டு, நண்பரும் கூட்டாளியுமான வில்லியம் கோனோடு மாண்ட்ரியாலுக்குக் குடிபெயர்ந்தார்.

குடியேறிய சில மாதங்களிலேயே அக்கா ரூத் வந்து சேர்ந்தார். குழந்தைகளின் தாய். இளம் வயதிலிருந்தே தலைவலியும் எப்போதாவது வலிப்பும் உண்டு. இப்போது பார்வை மங்கிக்கொண்டிருந்தது. வலது முன்மடலில் பெரிய கட்டி. வேறு யாரிடமாவது அனுப்பலாம் என்று யோசித்துவிட்டு, 1928 டிசம்பரில் தம்பியே கத்தியை எடுத்தார். உடன் கோன். கட்டி நினைத்ததைவிடப் பரந்திருந்தது. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. போதும் என்று கோன் தயங்கிய இடத்தையும் தாண்டி பென்ஃபீல்ட் வெட்டினார். வலது முன்மடல் ஏறக்குறைய முழுவதும் போனது. கத்தி நின்றது கை கால்களை அசைக்கும் பட்டைக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்பு. அப்படியும் கட்டியின் ஒரு பகுதி மறுபக்கம் ஊடுருவியிருந்ததால் எடுக்க முடியவில்லை.

ரூத் பிழைத்தார். நடந்தார், பேசினார், சிரித்தார், வீட்டுக்குத் திரும்பினார். ஒரு விரல்கூட முடங்கவில்லை. ஓராண்டுக்கு மேல் கழிந்து தம்பி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அவரையும் சேர்த்து ஐந்தாறு பேருக்குச் சமையல். முன்பெல்லாம் அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது எல்லாப் பொருளும் சமையலறையில் இருந்தது. ஒன்றிரண்டு அடுப்பில் இருந்தது. இறைச்சி தொடங்கப்படவே இல்லை, சாலட் ஆகவில்லை. நடுவில் அக்கா திகைத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னால் செய்ய முடிந்தது. எதற்குப் பிறகு எது என்பதைத் தானே கோத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தைப் படித்துவிட்டு அன்று நான் மேலே படிக்கவில்லை. கை இருக்கிறது, கைக்கு உத்தரவு போடும் பட்டை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. உத்தரவுகளை வரிசைப்படுத்தும் ஒன்று மட்டும் இல்லை. எங்கள் தொழிலில் எல்லா நிரல்களும் தனித்தனியாக ஓடும், சேர்த்து ஓட்டினால் நின்றுவிடும் என்றொரு நிலை உண்டு. அதைச் சரிசெய்ய இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அந்தப் பகுதியை வெட்டி எடுத்த கையே சாப்பாட்டு மேஜைக்கு வந்திருக்கிறது. பாஸ்டனில் குஷிங் மீண்டும் ஒருமுறை அறுவை செய்தும், 1931-ல் ரூத் இறந்தார். முன்மடலை எடுத்தால் என்ன ஆகும் என்பது பற்றி 1935-ல் பென்ஃபீல்டும் ஜோசஃப் எவன்ஸும் எழுதிய கட்டுரையில் இந்தச் சமையல் நிகழ்ச்சியும் பதிவாகியிருக்கிறது. அக்காவைப் பற்றி அறிவியல் நடையில் எழுதுவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். துக்கத்தைப் பயனுள்ளதாக மாற்றிக்கொள்ளும் மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களைக் கண்டு எனக்கு மரியாதையும் கொஞ்சம் பயமும் வரும்.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஏறத்தாழ 12 லட்சம் டாலர் கொடுக்க, 1934-ல் மாண்ட்ரியால் நரம்பியல் கழகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பென்ஃபீல்ட் பிரிட்டிஷ் குடிமகனாக, அதாவது கனடாக்காரராக மாறினார். நரம்பியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஆய்வாளரும் ஒரே கூரையின் கீழ் என்பது அன்று புதிய ஏற்பாடு. மலைச்சரிவில் சாம்பல் நிறக் கல் கட்டடம். எதிரே ராயல் விக்டோரியா மருத்துவமனை, இரண்டுக்கும் நடுவே தெருவின் மேல் ஒரு பாலம். மருத்துவமனை 2015-ல் வேறிடத்துக்குப் போய்விட்டது. நான் பார்த்தபோது பழைய கட்டடத்தின் கோபுரங்களில் பனி படிந்திருந்தது. பாலத்தின் இந்தப் பக்கம் மட்டும் விளக்கு எரிந்தது.

அங்கே நடந்த அறுவை இப்படி. மூளைக்கு வலி தெரியாது. வலி தோலுக்கும் மண்டையோட்டின் உறைக்கும்தான். அந்த இடங்களை மட்டும் மரக்க வைத்துவிட்டு எலும்பைத் திறந்து, மணிக்கணக்காக நோயாளியோடு பேசிக்கொண்டே வேலை நடக்கும். மெல்லிய மின்முனையால் ஓரிடத்தைத் தொடுவார். நோயாளி கட்டைவிரல் மரத்தாற்போல் இருக்கிறது என்பார். உடனே அந்த இடத்தில் எண் எழுதிய ஒரு சிறு காகிதத் துண்டு. அடுத்த தொடல், அடுத்த எண். கடைசியில் எண்கள் பரவிய மூளையைப் புகைப்படம் எடுப்பார்கள். நோயாளி கற்பனையாகச் சொல்கிறாரா என்று அறிய, தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மின்சாரம் செலுத்தாமல் இருப்பதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கைவைக்கும்போது எங்களுக்கு உள்ளங்கை வியர்க்கும். இவர் கைவைத்தது எங்கே!

இதெல்லாம் ஆராய்ச்சிக்காக அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். வலிப்பைத் தோற்றுவிக்கும் திசுவை வெட்டும்போது கையை அசைக்கும் இடமோ பேச்சின் இடமோ கூடவே போய்விடக் கூடாது. அதற்குத்தான் எல்லை குறித்தார். நிலப்படம் அதன் உபரி.

163 நோயாளிகளிடம் கண்டதைத் தொகுத்து 1937-ல் எட்வின் போல்ட்ரியோடு கட்டுரை எழுதினார். மூளையின் நடுவில் காதிலிருந்து உச்சி வரை போகும் பள்ளத்துக்கு முன்புறம் உள்ள பட்டை அசைவுக்கு; பின்புறம் உள்ளது தொடு உணர்வுக்கு. வலதுபக்க மூளை இடதுபக்க உடலுக்கு, இடது வலதுக்கு. இரண்டு பட்டைகளிலும் உடல் தலைகீழாகப் படுத்திருக்கிறது. உச்சிக்கு மேலே, இரண்டு அரைக்கோளங்களும் சந்திக்கும் இடுக்கில், பாதம். இறங்கி வந்தால் உடம்பு, பிறகு கை, கட்டைவிரல், அதற்குக் கீழே முகம், உதடு, நாக்கு. கட்டைவிரலுக்கும் உதட்டுக்கும் கிடைத்த இடம் முதுகு முழுவதற்கும் கிடைக்கவில்லை. இந்த விகிதத்தில் ஒரு மனிதனை வரைந்தால் விசிறி போன்ற கையும் தடித்த உதடும் குச்சிக் காலுமாக ஒரு குள்ளன் வருவான். ஓவியர் திருமதி கேன்ட்லி வரைந்த அந்தக் குள்ளன், 1950-ல் தியோடர் ராஸ்முசனோடு பென்ஃபீல்ட் எழுதிய நூலுக்குப் பிறகு எல்லா மருத்துவப் பாடநூல்களிலும் குடியேறிவிட்டான்.

பக்கவாதம் வந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வாய் கோணி, கை விழுந்து, கால் மட்டும் ஓரளவு தப்பித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். முகமும் கையும் மூளையின் பக்கவாட்டில் ஒரு ரத்தக்குழாயின் பாசனத்தில் இருக்கின்றன. கால் உச்சி இடுக்கில் இன்னொரு குழாயின் பாசனத்தில். பெரும்பாலும் அடைபடுவது முதல் குழாயும் அதன் கிளைகளும். என் நண்பனின் கட்டைவிரலில் தொடங்கிய நெருப்பு வாய்க்குப் போனதும் பக்கத்து வயல் என்பதால்தான். கை துண்டிக்கப்பட்ட சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலில் உணர்வு வருவதை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கலிஃபோர்னியாவில் பஞ்சு சுற்றிய குச்சியை வைத்துக் காட்டினாரல்லவா, அதற்கும் விளக்கம் இதே படத்தில்தான் இருந்தது. கைக்கான வயல் தரிசானதும் பக்கத்து முகத்தின் வயல் வரப்பைத் தாண்டிவிடுகிறது.

படம் அவ்வளவு நேர்த்தியானதல்ல என்பது இன்று தெரியும். 2023-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கால், கை, வாய்ப் பகுதிகளுக்கு இடையே எந்த ஒரு உறுப்புக்கும் சொந்தமில்லாத இடைவெளிகள் இருப்பதைக் காட்டியது. அவை திட்டமிடும் பகுதிகளோடு பிணைந்து உடம்பு முழுவதையும் ஒருங்கிணைக்கின்றன போலிருக்கிறது. அசைவையும் திட்டத்தையும் தனித்தனிப் பட்டாவாகப் பிரித்த எல்லைக்கோடு கொஞ்சம் அழிந்திருக்கிறது. ரூத்தின் சமையலறை மறுபடியும் நினைவுக்கு வந்தது.

மின்முனை தொட்டால் கை மடங்கும், நீளும். ஆனால் வயலின் வாசிக்காது, எழுத்து எழுதாது. பார்வைப் பகுதியைத் தொட்டால் மின்னும் புள்ளிகளும் வண்ணங்களும் தெரியும், ஒரு முகம் தெரியாது. பேச்சின் இடத்தைத் தொட்டால் பேச்சு வராது, நின்றுபோகும். ஒருவரிடம் பட்டாம்பூச்சிப் படம் காட்டியபோது சொல் வராமல் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். மின்முனையை எடுத்ததும் சொல்லிவிட்டு, பட்டாம்பூச்சி வராததால் அந்துப்பூச்சி என்றாவது சொல்லப் பார்த்தேன், அதுவும் வரவில்லை என்றாராம். பொட்டு மடலைத் தொட்டபோதுதான் விசித்திரங்கள் வந்தன. ஒருவருக்கு எங்கோ வாத்தியக்குழு வாசிப்பது கேட்டது. அதே இடத்தை மறுபடி தொட்டால் அதே இசை. பழைய காட்சிகள், குரல்கள். வாழ்ந்தது முழுவதும் உள்ளே பதிவாகியிருக்கிறது என்று பென்ஃபீல்ட் முடிவு கட்டினார். இங்கே அவர் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் எண்ணம். 1963-ல் அவரே வெளியிட்ட கணக்குப்படி, பொட்டு மடல் ஆராயப்பட்ட 520 பேரில் 40 பேருக்குத்தான் அப்படி வந்தது. அவையும் நினைவா, கனவு போன்ற கலவையா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டது நியாயம்தான். பொட்டு மடலை வெட்டிய ஓரிருவர் புதிய நினைவுகளையே இழந்தபோது, அதை விடாமல் ஆராய்ந்தவர் 1950-ல் அவரிடம் வந்து சேர்ந்த பிரெண்டா மில்னர். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அவரிடம் பயின்றவர்களில் ஜேக்கப் சாண்டியும் ஒருவர். கேரளத்தைச் சேர்ந்த சாண்டி 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான முதல் அறுவையும் அங்கேதான், 1952-ல். எங்கள் பள்ளியில் சாவிக்கொத்து ஓடிக்கொண்டிருந்த காலத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பு, எங்கள் மாவட்டத்திலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணத் தூரத்தில்.

1960-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு. அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஹிப்போக்ரட்டிஸ் பற்றி அவர் எழுதிய நாவல் அதே ஆண்டு வெளிவந்தது. 1962-ல் கார் விபத்தில் நினைவிழந்து கிடந்த இயற்பியலாளர் லாந்தாவைப் பார்க்க மாஸ்கோ போனார். குழந்தைகளுக்கு இரண்டாம் மொழியைப் பத்து வயதுக்கு முன்பே காதில் போட்டுவிட வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார். தம் பிள்ளைகளை ஜெர்மனும் பிரெஞ்சும் கேட்டு வளரும்படி செய்தார். வயது எல்லை அவர் சொன்ன அளவு கறாரானதல்ல என்கிறார்கள். சனிக்கிழமை காலை தமிழ் வகுப்புக்கு மகளை இழுத்துக்கொண்டு போகும் நான் இந்த விஷயத்தில் நடுநிலையான ஆள் இல்லை.

மெம்ஃப்ரெமாகாக் ஏரிக்கரையில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே ஒரு பெரிய பாறையில் 1930-களில் ஒரு படம் தீட்டியிருந்தார். ஒருபுறம் ஆன்மாவுக்கான கிரேக்கச் சொல், மருத்துவத்தின் தீப்பந்தம். மறுபுறம் ஒரு மனிதத் தலை, அதனுள் ஒரு கேள்விக்குறி. இரண்டையும் இணைத்து ஓர் உறுதியான கோடு. மூளையை அறிந்தால் மனத்தை அறிந்துவிடலாம் என்ற நாட்களின் கோடு அது. ஆனால் கை மடங்கும்போதெல்லாம் நோயாளிகள் இதை நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள் என்றே சொல்லியிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை செய்தும், இதை நான் செய்ய விரும்பினேன் என்று ஒருவரைச் சொல்லவைக்கும் இடம் எந்த மூளையிலும் அகப்படவில்லை. விருப்பம் மூளைக்குள் இல்லையோ என்ற ஐயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அகப்படாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது என்று எனக்குள் இருக்கும் பொறியாளன் வாதாடுகிறான். 1975-ல் வந்த அவருடைய நூல் இந்த ஐயத்தைப் பற்றியதுதான். வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்த நிலையில், ஒரு குளிர்நாளில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராக அணிந்துகொண்டு ஏரிக்கரைப் பாறைக்குப் போய், அந்தக் கோட்டை உறுதியற்றதாக மாற்றி வரைந்துவிட்டு வந்தார். 1976 ஏப்ரல் 5-ல், பாலத்தின் அந்தப் பக்கம் இருந்த ராயல் விக்டோரியா மருத்துவமனையில் இறந்தார். தன் வரலாற்றை எழுதி முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

டொராண்டோ திரும்பிய வாரம் அம்மாவிடம் ஃபோனில் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். வேலூருக்குக் கூட்டிப்போய் மாத்திரை எழுதி வாங்கினார்களாம். கல்யாணத்துக்கு முன்பே நின்றுவிட்டதாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருக்கிறானாம். இரண்டு நாள் கழித்து அம்மா நம்பரும் வாங்கி அனுப்பினார். அது இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அவனுக்குத் தெரியுமா, பெஞ்சைச் சொல்ல வேண்டியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.